களத்துப் பூசணம்

2019 ஜூன் 11, செவ்வாய்

கோயமுத்தூர் டாக்டர் ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் காய்ச்சல் எவ்வளவு, இருமலில் ரத்தம் வந்ததா, வந்தால் எத்தனை ஸ்பூன், மாத்திரை எத்தனை மணிக்கு. முப்பத்திரண்டு வருஷம் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார்ந்து, வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதியவன் நான். எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுத்தீவனக் கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

சாந்தாமணிக்கு நாலு மாதமாக இருமல். உள்ளூரில் சளி மருந்து, கபத்துக்கு டானிக் என்று காலத்தை ஓட்டிவிட்டார்கள். ரத்தம் வந்த பிறகுதான் கோயமுத்தூர் போனோம். வலது நுரையீரலில் மேல்பக்கம் ஒரு குழி, குழிக்குள் ஓர் உருண்டை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவி எடுத்த தண்ணீரில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. பூஞ்சை என்றால் என்ன என்று கேட்டேன். பழைய ரொட்டியிலும் ஊறுகாயிலும் பிடிக்குமே பூசணம், அதே ஜாதி என்றார்.

என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். அவள் தம்பி தங்கமுத்து ஊதியூர்ப் பக்கம் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களம் வைத்திருக்கிறான். பதினொரு வருஷமாக இவள் அங்கே போய் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறாள். மழை பெய்து காயாமல் போன பருப்பை மோந்து பார்த்து, பூசணம் பிடித்ததைத் தனியே ஒதுக்குவதும் இவள்தான். அதைச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார்.

வீட்டில் யாராவது புகை பிடிப்பீர்களா என்று அடுத்த கேள்வி. இல்லீங்க என்றேன். அங்கே போகிற வழியிலேயே விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தேன், ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சாந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படீன்னா எட்டு வாரம் பூஞ்சைக்கு மருந்து குடுத்துட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்போம். புகை பிடிக்கிற வீடா இருந்தா இப்பவே நெஞ்சுல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்திருப்பேன்" என்றார்.

ஊசி இல்லாமல் தப்பித்தாள் என்று எனக்கு நிம்மதி. மாலை 6.00: 99.8. ரத்தம் அரை ஸ்பூன்.

ஜூன் 12, புதன்

காலை 6.10: 99.2. மாத்திரை 7.00, 19.00. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். எட்டு மணிக்கு அவளே எழுந்து ராகிக்களி கிண்டப் போய்விட்டாள். போட்டுத் திட்டி உட்கார வைத்தேன். நான் கிண்டியது அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

தங்கமுத்து வந்தான். கையில் ஆறு இளநீர். ஐம்பது வயது ஆள், தூண் மாதிரி உடம்பு, இன்னும் அக்காள் முன்னால் உட்காரமாட்டான். கேட்டைத் திறக்காமலே நின்று பேசினேன்.

"உன்ற களத்துப் பூசணந்தான் இப்ப எம் பொண்டாட்டி நெஞ்சுக்குள்ள உருண்டையா நிக்குது. பதினோரு வருசம் மோந்து மோந்து பாத்தாளே, ஒரு துணி கட்டிக்கோன்னு சொன்னியா நீ?"

அவன் வாயே திறக்கவில்லை. திருப்பிப் பேசியிருந்தால் என் கோபம் அதோடு அடங்கியிருக்கும். பேசாமல் நிற்கவே இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். தெருவில் ஆள் கூடிவிட்டது. இளநீரைக் கேட் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே வந்தால் சாந்தாமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். "அவன உள்ளார கூப்புட்டிருக்கலாமுங்க" என்றாள். அவன் சட்டை வேட்டியெல்லாம் பூசணம், அதை வீட்டுக்குள் விடச் சொல்கிறாயா என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

மாலை 99.6. ரத்தம் இல்லை.

ஜூன் 29, சனி

மாத்திரை கண்ணைப் படுத்துகிறது. மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் சுவரெல்லாம் பச்சையாகத் தெரிகிறதாம், ஜன்னல் வெளிச்சம் கூசுகிறதாம். டாக்டருக்குப் போன் செய்தேன், போகப் போகச் சரியாகும் என்றார். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டினேன்.

களத்தில் வேலை செய்யும் ராமாத்தாள் பார்க்க வந்தாள். தங்கமுத்து இருப்பு வைத்திருந்த பருப்பு மொத்தத்தையும் கொட்டித் தீ வைத்துவிட்டானாம். களம் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்திருக்கிறானாம். ஆட்களுக்கெல்லாம் மூக்குக்குத் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"பயம் இருக்கட்டும்" என்றேன்.

ராமாத்தாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 20, சனி

காலை 98.6. மூன்று வாரமாக ரத்தம் இல்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது. பூசணம்தான், மருந்துக்குக் கேட்கிறது. எடை மட்டும் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, அது களி பிடிக்காமல் இருக்கும்.

ஓசூரிலிருந்து மகள் சுகந்தி போன் செய்தாள். "அப்பா, நீங்க அதை விட்டுட்டீங்களா?" என்றாள். விட்டாயிற்று. காலை ஒன்று, மாலை ஒன்று, அதுவும் கொல்லையில் கதவைச் சாத்திக்கொண்டு. கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே இரண்டு பாக்கெட் ஊதியவன் இந்த அளவுக்கு வந்ததை விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சாந்தாமணி தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறாள். முதலில் உடம்பு தேறட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஸ்கேன். உருண்டை சிறுத்திருக்கிறது. ஆனால் குழியின் சுவர் தடித்துவிட்டதாம், பக்கத்தில் நெறிகட்டி நிற்கிறதாம். டாக்டர் படத்தை விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவிநாசிப்பாளையம் தாண்டும் வரை தோளை அசைக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

சாந்தாமணியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புற்றுநோய் இருக்கிறது. பூஞ்சையும் இருக்கிறது. முதலில் வந்தது புற்று. கட்டி நடுவில் அழுகிக் குழி விழுந்திருக்கிறது, அந்தக் குழிக்குள்தான் பூஞ்சை குடியேறியிருக்கிறது. பூஞ்சை வித்து எல்லா ஊர்க் காற்றிலும் இருக்கிறது, எல்லோரும்தான் மூச்சில் இழுக்கிறோம், நல்ல நுரையீரலில் அதற்கு இடம் கிடைக்காது.

"அப்ப களத்துல வேலை செஞ்சதால இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"களத்துக்குப் போகாம இருந்திருந்தாலும் இந்தக் கட்டி வந்திருக்கும். மறுபடி கேக்கறேன், வீட்டுல யாரும் புகை பிடிக்கறதில்லையா?"

முன்பு எப்போதாவது என்றேன். எத்தனை வருஷம் என்றார். முப்பத்தைந்து என்றேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, புகையே படாதவர்களுக்கும் வருகிறது என்றார். அப்புறம், "ஆனா எட்டு வாரம் போயிருச்சுங்களே" என்றார்.

அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

வெளியே வந்து, பூஞ்சை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம், வீரியமான மருந்து ஏற்றப் போகிறார்களாம் என்றேன். சரிங்க என்றாள். சுகந்திக்குப் போன் செய்து, மாமன் களத்துப் பூசணம் முற்றிப் புற்றாகிவிட்டதாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. அவள் போனிலேயே அழுதாள். தங்கமுத்துவுக்கும் அவளே சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

முதல் மருந்து ஏற்றினார்கள். காலை 9.15க்கு ஆரம்பித்து 2.40க்கு முடிந்தது. வாந்தி மூன்று முறை. பக்கத்துக் கட்டில் அம்மாள் சாந்தாமணியிடம், உங்களுக்கு எந்த இடத்துல என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து வேறு பேச்சுப் பேசினேன்.

செப்டம்பர் 2, திங்கள்

மத்தியானம் ரசம் சோறு கரைத்துக் கொடுத்தேன். நாலு வாய் குடித்தாள். தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவனை உட்காரச் சொன்னாள்.

"ஏனுங்க, எனக்கு வந்தது புத்துன்னு எனக்குத் தெரியும். மருந்து ஏத்துன ஆஸ்பத்திரி வாசல்ல ஆளு உசரத்துக்கு எழுதி வெச்சிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

தட்டைக் கீழே வைத்தேன்.

"மொத நாளு டாக்டரு கேட்டப்ப நீங்க இல்லீங்கன்னீங்க. சட்டப்பையில பாக்கெட்டு துருத்திட்டு இருந்துச்சு. நான் வாயத் தொறந்திருக்கோணும். அசலார் முன்னாடி கட்டுனவரப் பொய்யனாக்கறதான்னு கம்முனு இருந்துட்டேன். அது என்ற தப்புங்க. உங்கள மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல."

மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

"களத்தால வரலைன்னு டாக்டரு சொன்னாரா?"

சொன்னார் என்றேன். அவளிடம் பொய் வரவில்லை.

"அப்பறம் ஏன் அவன் தலையில போட்டீங்க? ராமாத்தா வந்து சொல்றா, அவன் சோறே திங்கறதில்லையாம். அக்காளக் கொன்னுபோட்டேன்னு களத்துலயே உக்காந்துட்டு இருக்கறானாம். நான் சொன்னா, அக்கா ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நெனப்பான். நீங்கதான் அவன வெய்தீங்க, நீங்கதான் சொல்லோணும். நான் இருக்கறப்பவே சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாமுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் திட்டியதில்லை. இன்றைக்காவது திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 6, வெள்ளி

10.20 தாராபுரம் வண்டியில் ஏறி ஊதியூர் போனேன். களம் காலியாகக் கிடந்தது. தங்கமுத்து தாடி வளர்த்திருக்கிறான், தோள் எலும்பு தெரிகிறது. என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். இளநீர் வெட்டிக் கொடுத்தான். அக்கா எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

மழை எப்படி என்று கேட்டேன். போன வருஷத்துக்குப் பரவாயில்லை என்றான். தென்னைக்கு வெள்ளைப்பூச்சி வந்திருப்பது பற்றி அரை மணி நேரம் பேசினோம். 12.05 வண்டியில் திரும்பினேன்.

சொல்லிட்டீங்களா என்று சாந்தாமணி கேட்டாள். அவன் வெளியூர் போயிருக்கிறான் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலை 101.4. மாலை 102. ரத்தம் இரண்டு ஸ்பூன்.

தங்கமுத்து அவனாகவே வந்தான். வருவதற்கு முன்னால் பம்புசெட்டில் குளித்து, புது வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படியும் உள்ளே வரமாட்டேன் என்கிறான். தன் மேல் பூசணம் ஒட்டியிருக்கும், அக்காவுக்கு ஆகாது என்று ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டான். நான் கட்டிய போர்வையைச் சாந்தாமணி விலக்கச் சொன்னாள். கண் கூச, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். சமையல்கட்டில் நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். மறுபடி பால் வைத்தேன். நான் டம்ளரோடு வந்தபோது அவன் போயிருந்தான்.

 காபியை அவள் குடிக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இரண்டாவது மருந்து ஏற்றவில்லை. புற்றுக்கு மருந்து கொடுத்ததில் உடம்பில் எதிர்ப்பு போய்ப் பூஞ்சை பரவிவிட்டது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் புற்று பரவும். "ரெண்டுல எதைப் பிடிச்சாலும் இன்னொண்ணு நழுவுது" என்றார் டாக்டர். குழிக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் போகிறதாம். திடீரென்று ரத்தம் வரலாம், வீட்டில் தயாராக இருங்கள் என்றார். எதற்குத் தயாராக என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

தங்கமுத்து வரலாமா என்று போனில் கேட்டான். யாரையும் பார்க்கவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. எத்தனை முறை கிளம்பினாலும் அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. களத்தால் வரவில்லை என்று சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பான். அவன் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும்.

அக்டோபர் 5, சனி

காலை 100.8. பேச்சே கொஞ்சமாகிவிட்டது. உடம்பு துடைத்துவிட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அழுதான். அப்பறம் சரீங்க மச்சான்னு சொன்னான்."

கண்ணை மூடிக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அரை இட்லி சாப்பிட்டாள். மத்தியானம் இருமாமல் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

இந்த வாரமே போய் நிஜமாகச் சொல்லிவிட்டால் இது பொய்யில் சேராது.

அக்டோபர் 11, வெள்ளி

99.9. போக முடியவில்லை. கேஸ் சிலிண்டர் வருகிற நாள்.

அக்டோபர் 14, திங்கள்

101. துணி துவைத்தேன். நாளைக்குப் போகிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

காலை 7.40. ரத்தம். ஸ்பூன் கணக்கில் இல்லை.

7.55.

அக்டோபர் 19, சனி

இனிக் காய்ச்சல் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அம்மா அப்பா இல்லாதவளுக்கு உடன்பிறந்தவன்தான் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுக்கமாட்டார்கள். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. அவன் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, தெருமுனையிலேயே நிற்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். இரண்டு பேர் போய்க் கூட்டிவந்தார்கள்.

அரக்குச் சேலை, தட்டில் வைத்திருந்தான். வாசல்படிக்கு வெளியே நின்றான். ஊர் மொத்தமும் நின்று பார்த்தது.

"மச்சான், இந்தக் கையால நான் கோடி போடலாமுங்களா? கொன்னவனே கோடி போட்டா அக்காளுக்கு ஆகுமுங்களா? நீங்க வேண்டாம்னா வேற ஆராச்சும் பங்காளி போடட்டுமுங்க."

சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்து, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்துவிட்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். சுகந்தி அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம்கூட நின்றிருந்தது. என் வாய் திறந்தது எனக்கே தெரிந்தது. வந்தது வேறு.

"எந்திரி மாப்பிள்ளை. நான் எதையும் மனசுல வெச்சுக்கல. உன்னைய மன்னிச்சுட்டேன். போடு."

அவன் எழுந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையை இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. பின்னால் எங்கள் பெரியப்பா மகன் யாரிடமோ, "சென்னியப்பனுக்குப் பெரிய மனசய்யா, வேற ஒருத்தனா இருந்தா வெட்டியிருப்பான்" என்று சொன்னது காதில் விழுந்தது. தங்கமுத்து உள்ளே போய்ச் சேலையை விரித்துப் போர்த்தினான். ஒரு பக்கம் சரிந்தது. சுகந்தி பிடித்துச் சரிசெய்தாள்.

என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. முகம் கழுவும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுக் கழுவுகிறேன்.

காரியம் முடியும் வரை மாமா இங்கேயே இருக்கட்டும்ப்பா என்று சுகந்தி சொன்னாள். சரி என்றேன். அவன் இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறான். துக்கம் கேட்க வருகிறவர்களை வாசலில் போய்க் கூட்டிவந்து, பாய் விரித்து, தண்ணீர் கொடுக்கிறான். நேற்று சுகந்தி வற்புறுத்தி வைத்த சோற்றைக் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறான்.

நான் அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது, கூடத்தில் பேசுவதெல்லாம் கேட்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்காமலே, "மச்சான் என்னைய மன்னிச்சுட்டாருங்க" என்று சொல்கிறான். காலையிலிருந்து இதோடு ஏழு பேரிடம் சொல்லிவிட்டான்.